இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். கபடியிலும் கோகோவிலும் வட்ட அளவில் பரிசு வாங்கினோம். நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துவிட்டன. மதிப்பெண் அட்டை பள்ளி திறக்கும் அன்று கைக்கு வரும். உழைத்த எல்லாருக்கும் பாராட்டுகள்.

அறிவியல் மன்றத்தின் ரேடியோ கன்ட்ரோல் விமானங்களைப் பற்றித்தான் இந்த முறை கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கண்காட்சியன்று மேசை முழுக்க ஃபோம் போர்டு விமானங்கள். சூலூர் வானத்தில் பார்க்கிற தேஜஸ் போர் விமானம் மாதிரியே சாம்பல் நிறம் அடித்து, மூவண்ண வட்டம் வரைந்து, கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தன. வந்தவர்கள் அசந்துபோனார்கள், நானும் ரசித்தேன். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இதன் எடை மையம் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு" என்று கேட்டேன். எந்த இடத்தில் தாங்கிப் பிடித்தால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்குமோ, அதுதான் எடை மையம். பலர் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள்.

ஓரத்து மேசையில் ஒரு மாணவியின் விமானம் இருந்தது. இறக்கையின் விளிம்பு கோணல், குளூ கன் பசை நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விமானத்தைக் கவிழ்த்து, இறக்கைக்கு அடியில் பேனாவால் வைத்திருந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினாள். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தள்ளி இருந்தன. பிறகு நிமிர்த்தி, அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினாள். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து நின்றது. "வாலுக்கு ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சேன் சார், பின்னாடி கனமாயிடுச்சு. அதான் பேட்டரியை முன்னாடி தள்ளி வச்சேன்" என்றாள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் மன்றத்தை நடத்துகிறோம்.

பெரியவர்கள் செய்து கொடுத்தால் பிள்ளைக்கு என்ன போய்விடும் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஃபோம் போர்டு என்பது நடுவில் ஃபோம், இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய அட்டை. வாலில் அசையும் பகுதிக்கு, மேல் தாளையும் ஃபோமையும் மட்டும் கட்டரால் கீறி, அடித் தாளை விட்டுவிட வேண்டும். அந்தத் தாளே கீலாக வேலை செய்யும். முதல் தடவை எல்லாப் பிள்ளையும் அதையும் சேர்த்து வெட்டிவிடும். இரண்டு மூன்று துண்டு வீணான பிறகுதான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது விரலுக்குப் பிடிபடும். அதற்காகவே துண்டு அட்டைகளை அள்ளி வைத்திருக்கிறோம். வீணாகட்டும்.

வண்ணமும் அப்படித்தான். சாதாரண ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் இந்த ஃபோமை அரித்துவிடும். தாள் மூடிய இடம் தப்பிக்கும், வெட்டிய விளிம்பு உருகிக் குழிவிழும். தண்ணீர் அதிகம் கலந்த பெயின்டை அடித்தாலோ தாள் ஊறி உப்பிக்கொள்ளும். அக்ரிலிக் பெயின்டை, தூரிகை ஏறக்குறைய உலர்ந்த நிலையில், மெல்லிய பூச்சாகக் கொடுப்பதுதான் சரி. ஒரு வீட்டில் ஸ்ப்ரே அடித்து விளிம்பு உருகியதும் இரவோடு இரவாகப் புது இறக்கை செய்து ஒட்டியிருக்கிறார்கள். காலையில் அழகான விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பையனுக்கு, ராத்திரி எது உருகியது, ஏன் உருகியது என்று எதுவுமே தெரியவில்லை. அவன் கற்றிருக்க வேண்டிய பாடம் குப்பைக் கூடைக்குப் போய்விட்டது.

இதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. பிள்ளையின் வேலையைப் பெரியவர்கள் செய்த வீடுகளில், பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலை பிள்ளையிடம் விடப்பட்டிருக்கிறது. விமானத்தின் மோட்டாரை ஓட்டும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சொல்கிறேன். ஜியோமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில், புத்தகப் பையில், உப்பிய பேட்டரி ஒன்று வகுப்பறைக்கே வந்துவிட்டது. இரவு முழுக்கக் கட்டில் மேல் சார்ஜ் போட்டிருந்தது என்று அந்தப் பிள்ளையே சொன்னான்.

இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழியில்லை. லிப்போ பேட்டரி அடிபட்டாலோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும், பிடித்தால் எளிதில் அணையாது. பேட்டரிக்குள் இருக்கும் எந்த ஒரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எல்லாச் செல்லையும் ஒரே அளவில் ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில்தான் போட வேண்டும். வெறும் தரையில், துணியும் தாளும் அருகில் இல்லாமல், பெரியவர் ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே போட வேண்டும். உப்பியதை மறுபடி பயன்படுத்தவே கூடாது. மோட்டாரை வீட்டில் ஓட்டிப் பார்ப்பதானால் முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இனி எந்தப் பிள்ளையின் பையிலாவது லிப்போ பேட்டரி இருந்தால், அதைப் பள்ளியில் வாங்கி வைப்போம், பெற்றோர் நேரில் வந்தால்தான் தருவோம். வீட்டில் முடித்துக் கொண்டுவரும் விமானம் கண்காட்சியிலும் வைக்கப்படாது, மைதானத்திலும் பறக்காது. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

அதேபோல் விடுமுறையில் சூலூர், பீளமேடு பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் விமானத்தை எடுத்துப் போக வேண்டாம். ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி, இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றியுள்ள சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. நாம் பறக்கவிடும் இடத்தை, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ராத்திரி பத்து மணிக்கு ஒட்டாத இறக்கையை வைத்துக்கொண்டு பிள்ளை அழும்போது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மனசு வராது. சின்ன வயதில் இப்படி ஒன்று கையில் கிடைக்காத ஏக்கமும் சிலருக்கு இருந்திருக்கும். உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆசையாக இருப்பவர்கள் சனிக்கிழமை வாருங்கள், உங்களுக்கும் அட்டையும் கட்டரும் தருகிறோம், உங்கள் விமானத்தை நீங்கள் செய்யலாம். போர்டு கடையிலிருந்து துண்டு அட்டைகளைக் கட்டி அனுப்பிய பெற்றோருக்கும், பறக்கவிடும் நாளில் மணல் வாளியோடு வெயிலில் நின்றவர்களுக்கும், விழுந்து உடைந்த விமானங்களைப் பொறுக்கிக் கொடுத்த தாத்தாக்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் பருவத்தில் மன்றம் சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு அறிவியல் ஆய்வகத்தில் நடக்கும். தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாளும், வண்ணம் பட்டாலும் பரவாயில்லை என்கிற சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்