கண்ணு, நீ வச்சுட்டுப் போன கேம் எல்லாம் விளையாடிட்டேன்

கண்ணு,

நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். பொங்கலுக்கு வந்துட்டு கிளம்பும்போது உன் பழைய லேப்டாப்ப ஹால் டேபிள்ல வச்சுட்டு, "அப்பா, கேம் செய்யறதுக்காக நான் எதுக்கு வேலைய விட்டேன்னு புரியணும்னா இதுல இருக்கறத விளையாடிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க"ன்னு சொன்ன. நான் அன்னிக்கு பதில் பேசல. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் உன் பைய தூக்கிட்டு வந்து ஒரு வார்த்த பேசாம திரும்பி வந்துட்டேன். அதுக்கான பதில்தான் இது. போன்ல ஆரம்பிச்சா நடுவுல நீ ஒண்ணு சொல்லுவ நான் ஒண்ணு சொல்லுவேன், சண்டையில போய் நிக்கும், அதான் உக்காந்து டைப் பண்றேன், ஆபீஸ்ல கடைசி பத்து வருஷம் டைப்பிங் எல்லாம் நான்தானே பண்ணேன், கை ஓடுது.

உண்மையா சொல்லணும்னு கேட்டிருந்த. பிடிச்சத பிடிச்சதுன்னும் பிடிக்காதத பிடிக்கலன்னும் சொல்றேன்.

முதல்ல பேப்பர்ஸ் ப்ளீஸ். இத ஏன் லிஸ்ட்ல மொத ஆளா போட்டன்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சு போச்சு. அர்ஸ்டோட்ஸ்கான்னு இல்லாத ஒரு நாடு, 1982 நவம்பர் மாசம், பார்டர்ல ஒரு சின்ன ரூம்ல உக்காந்து வர்றவங்க பாஸ்போர்ட்ட பாத்து சீல் குத்தணும், அவ்ளோதான் கேம். பேரு ஒத்துப் போகுதா, தேதி முடிஞ்சிருச்சா, போட்டோல இருக்கறது இந்த ஆள்தானா. கண்ணு, தாலுகா ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் நான் செஞ்சது இதத்தான். தினம் காலைல புதுசா ஒரு ரூல் வரும், நேத்து செல்லுன பேப்பர் இன்னிக்கு செல்லாது, எங்களுக்கு ஜி.ஓ., அதாவது அரசாணை, வர்ற மாதிரியே. ஒரு ஆளுக்கு 5 கிரெடிட் கூலி, ஒரு நாளைக்கு ரெண்டு தப்பு வரைக்கும் எச்சரிக்கை, மூணாவதுல இருந்து காசு பிடிப்பாங்க, சாயங்காலம் அந்த காசுல வாடகை, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர்னு பிரிக்கணும், பத்தலன்னா வீட்ல பையனுக்கோ மாமியாருக்கோ உடம்புக்கு முடியாமப் போகும்.

ஒரு புருஷன் வர்றார், பேப்பர் எல்லாம் சரி, உள்ள விட்டேன். போகும்போது அடுத்து என் சம்சாரம் வர்றா, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு போறார். அந்தம்மாகிட்ட என்ட்ரி பர்மிட் இல்ல. சீல கையில வச்சுகிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு பாட்டி ஞாபகம் வந்துச்சு. வாரிசு சர்டிபிகேட்டுக்கு வந்தவங்க, ரேஷன் கார்டுல ஒரு இனிஷியல், டெத் சர்டிபிகேட்டுல வேற இனிஷியல், நான் மூணு தடவ திருப்பி அனுப்பினேன், நாலாவது தடவ அவங்க வரல. ரூல்படி நான் செஞ்சது சரிதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழிச்சு அந்த முகம் எனக்கு ஒரு கேம்ல திரும்பி வந்துச்சு. அந்தம்மாவ உள்ள விட்டுட்டேன். எச்சரிக்கை சீட்டு கறகறன்னு பிரிண்டர்ல வந்துச்சு, வரட்டும்னு விட்டுட்டேன். இத லூக்காஸ் போப்புன்னு ஒருத்தர் தனியா ஒன்பது மாசம் போல உக்காந்து செஞ்சு 2013ல வெளியிட்டிருக்கார். கவுன்ட்டர்ல உக்காந்த ஆளோட வேதனைய அவர் எப்படி இவ்ளோ சரியா பிடிச்சார்னு எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. குறைன்னு சொன்னா, பாதிக்கு மேல ரூல் ரொம்ப சேர்ந்துருது, மேசை சின்னது, ரூல் புக்க திறந்தா பாஸ்போர்ட் மறையுது, வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்கன்னு தெரியும், ஆனா என் கண்ணுக்கு அது தண்டனை. 20 முடிவு இருக்காம், நான் மூணு பாத்தேன், போதும்.

அவரே செஞ்ச ஓப்ரா டின்னும் பாத்தேன். 1807ல ஆள் இல்லாம திரும்பி வந்த கப்பல், 60 பேருக்கு என்ன ஆச்சுன்னு பதிவேட்டுல எழுதணும், மூணு பேரோடது சரியா எழுதினாத்தான் கேம் ஒத்துக்கும். அந்த மூணு கணக்கு ரொம்ப புத்திசாலித்தனம் கண்ணு, ஒண்ணொண்ணா அடிச்சுப் பாக்க முடியாது. புள்ளி புள்ளியா கருப்பு வெள்ளைல இருக்கறதால அரைமணிக்கு மேல தலை சுத்துது, அதனால தினம் அரைமணியா ஒரு மாசம் விளையாடி 60 பேரையும் முடிச்சேன். நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன், வரும்போது காட்டறேன்.

ஸ்டார்டியூ வேலிங்கற விவசாய கேம் எல்லாருக்கும் பிடிக்கும்னு சொன்ன. எனக்கு பாதிதான் பிடிச்சுது. மழை பெய்யற அன்னிக்கு தண்ணி ஊத்த வேணாம், பொம்ம வைக்கலன்னா காக்கா வந்து செடிய தின்னுட்டு போகும், இதெல்லாம் அழகு. ஆனா நான் பூரா தோட்டத்துக்கும் ஒரே பயிர் போட்டு ஒரே நாள்ல கொண்டு போய் கொட்டினாலும் விலை இறங்க மாட்டேங்குதே. உங்க தாத்தா தக்காளி போட்ட வருஷம் ஊரே தக்காளி போட்டுச்சு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி வாடகை கொடுக்கற அளவுக்கு கூட விலை போகல, வழியிலயே கொட்டிட்டு வந்தார். அத பாத்த எனக்கு இது விவசாயம்னு மனசு ஒத்துக்கல. உங்கம்மாவுக்கு ஆனா இது ரொம்ப இஷ்டம், மத்தியானம் அவதான் விளையாடறா, கோழிக்கெல்லாம் நம்ம சொந்தக்காரங்க பேரு வச்சிருக்கா.

அத செஞ்ச எரிக் பரோன் நாலரை வருஷம் தனியா செஞ்சிருக்கார், சாயங்காலம் தியேட்டர்ல சீட் காட்டற வேலை பாத்துகிட்டு, கூட இருந்த பொண்ணு சம்பாதிச்சதுல வீடு ஓடியிருக்கு. இப்போ 4 கோடி காப்பிக்கு மேல வித்திருச்சு. கண்ணு, இத காட்டி மட்டும் என்கிட்ட பேசாத. ஜெயிச்ச ஒருத்தர் கதைதான் நமக்கு வந்து சேருது, நாலரை வருஷம் உக்காந்து ஒண்ணும் ஆகாதவங்க கதை யாரும் எழுதறதில்ல. பணத்த பத்தின என் பயம் போகல, அத மறைச்சு வச்சு எழுத எனக்கு தெரியல.

பூச்சிங்க உலகத்துல சண்டை போட்டு சுத்தற ஹாலோ நைட் எனக்கு இல்ல. படம் அற்புதம், பாட்டு அற்புதம், மேப் விக்கிற அந்த பூச்சி எங்கயோ முனகற சத்தம் கேட்டு தேடிப் போறது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா செத்தா சேத்த காசெல்லாம் செத்த இடத்துல கிடக்கு, அத எடுக்கப் போற வழியில திரும்ப செத்தா மொத்தமும் போச்சு. எட்டு மணி நேரம் விளையாடிட்டு மூடிட்டேன்.

பலாட்ரோவ டெலீட் பண்ணிட்டேன், கேக்காம பண்ணதுக்கு மன்னிச்சுக்க. சீட்டுக்கட்டுல ஜோடி சேக்க சேக்க ஒரு நம்பர், அத இன்னொரு நம்பரால பெருக்கறது, ஜோக்கர் ஒண்ணொண்ணும் அந்த பெருக்கல மாத்தறது, கணக்கு அவ்ளோ நேர்த்தி. நிஜ பணம் வச்சு ஆட வேண்டியதில்ல, அதுவும் தெரியும். ஆனா இன்னும் ஒரு ரவுண்டுன்னு நிமிர்ந்து பாத்தா மணி ரெண்டே கால். உங்க பெரியப்பா சீட்டாட்டத்துல என்ன இழந்தார்னு உனக்கு தெரியும். என் கை அந்த பக்கம் போறத நான் பாத்தேன், அதனால எடுத்துட்டேன். கேம் மேல தப்பு சொல்லல.

செலஸ்ட்ங்கற மலை ஏறுற கேம் ஆடறதுக்கு என் விரலுக்கு வேகம் பத்தல. அசிஸ்ட் மோடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாரு, வேகத்த குறைச்சுக்கலாம், களைப்பு இல்லாம ஏறலாம், அத போட்டா குறைச்சலா பேசற ஒரு வார்த்த கூட இல்ல. வேகத்த 70 சதவீதத்துல வச்சு மலை உச்சி வரைக்கும் ஏறிட்டேன். எத்தன தடவ செத்தேன்னு எண்ணி காட்டுது, ஆயிரத்த தாண்டிருச்சு, ஆனா செத்த அடுத்த செகண்டே அதே இடத்துல நிக்க வைக்குது, அதனால கோவம் வர நேரமே இல்ல. மொத கட்டத்துலயே பாலம் இடிஞ்சு விழும்போது ஒரு குருவி வந்து எந்த பக்கம் தாவணும்னு மட்டும் காட்டும், நீளமா பாடம் எதுவும் எடுக்காது. இத ஞாபகத்துல வச்சுக்க, கீழ உன் கேம் பத்தி சொல்லும்போது திரும்ப வரேன்.

இப்போ அண்டர்டேல். இத பத்தி எழுதத்தான் இத்தன நாள் தள்ளிப் போட்டேன்.

டோபி ஃபாக்ஸ் 2015ல வெளியிட்டது, பாக்க பழைய வீடியோ கேம் மாதிரி இருந்துச்சு, நான் பெருசா நினைக்கல. ஆரம்பத்துலயே டோரியல்னு ஆடு மாதிரி முகம் இருக்கற ஒரு அம்மா வர்றா. கைய பிடிச்சு கூட்டிட்டு போறா, ரூம் குடுக்கறா, நமக்குன்னு பை சுட்டு வைக்கிறா, நிமிஷத்துக்கு ஒரு தடவ போன் பண்றா. வெளிய போகணும்னு சொன்னா கீழ இறங்கிப் போய் கதவ அடைச்சுட்டு நிக்கிறா. வெளிய போனா செத்துருவ, இங்கயே இருன்னு. நான் சண்டை போட்டேன். கேம்னா அடிக்கணும்னுதான எனக்கு தெரியும். அவ செத்துட்டா. லேப்டாப்ப மூடி வச்சுட்டு மொட்டமாடிக்கு போயிட்டேன்.

மறுநாள் திரும்ப லோட் பண்ணி, அடிக்காம விடுங்கறத மட்டும் அமுக்கிகிட்டே இருந்தேன், ஒண்ணும் ஆகல, திரும்ப அமுக்கு, திரும்ப அமுக்கு, இருபது தடவைக்கு மேல இருக்கும். அப்போதான் ஒண்ணு கவனிச்சேன், நம்ம உயிர் ரொம்ப குறைஞ்சதும் அவ எறியற நெருப்பு நம்ம மேல படாம விலகி விலகி போகுது. தடுக்கறா, ஆனா காயப்படுத்த அவளால முடியல. கடைசில அவளே ஒதுங்கி, கட்டிப் பிடிச்சுட்டு போகச் சொல்றா. வெளிய வந்தா, ஆரம்பத்துல வந்த பேசற பூ ஒண்ணு நின்னுகிட்டு, நீ முதல்ல அவள கொன்னத நான் பாத்தேன்னு சொல்லுது. அழிச்சுட்டு திரும்ப ஆடினாலும் கேம் மறக்கல கண்ணு.

நவம்பர்ல நீ வேலைய விட்டேன்னு சொன்னப்போ நான் பேசினது எதுவும் எனக்கும் மறக்கல. "ரோட்டுல நிப்ப"ன்னு சொன்னேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. பயத்துலதான் சொன்னேன், ஆனா உன் மேல பட்டுச்சு.

வெண்பாங்கற சமையல் கேம நானும் அம்மாவும் சேந்து ஆடினோம். டொரண்டோல நம்ம தமிழ் ஆள் ஒருத்தரோட டீம் செஞ்சது, 2023ல வந்து அடுத்த வருஷம் லண்டன்ல பாஃப்டா விருது வாங்கியிருக்கு. 1988ல கனடாவுக்கு போன குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். இட்லி தட்ட எப்படி மாத்தி அடுக்கணும்னு நான் முழிச்சுகிட்டு இருக்கும்போது உங்கம்மா சமையல்கட்டுல இருந்தே சொல்லிட்டா. என் குறை ஒண்ணுதான், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுருது, வருஷம் வருஷமா தாவி ஓடுது, அந்த பையனுக்கும் அம்மாவுக்கும் நடுவுல எப்படி இடைவெளி விழுந்துச்சுன்னு இன்னும் நின்னு காட்டியிருக்கலாம். உங்கம்மா ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி பத்தரைக்கு உனக்கு சும்மா போன் பண்ணாளே, இத பாத்துட்டுதான் பண்ணா.

கடைசியா நீ செஞ்சுகிட்டு இருக்கற மினிபஸ் கேம், அதுல முடிஞ்ச வரைக்கும் போன மாசம் அனுப்பின பில்ட். இதுலயும் உண்மைதான் சொல்லுவேன். ராத்திரி கடைசி ட்ரிப்புல கண்டக்டரா போறதுங்கற யோசனை ரொம்ப நல்லா இருக்கு. டிக்கெட் கிழிக்கிற சத்தம் அசல், எங்க எடுத்த. சில்லறை இல்லன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றது, அதுலயும் பூக்காரம்மா சொல்றது, அப்படியே நம்ம ரூட் பஸ். ஆனா முதல் பத்து நிமிஷம் பெட்டி பெட்டியா எழுத்து வந்துகிட்டே இருக்கு கண்ணு. இந்த பட்டன் அமுக்கு, இவருக்கு இவ்ளோ பாக்கி குடு, இவர் இன்ன மாதிரி ஆள்னு எல்லாத்தையும் நீயே சொல்லிடற. அந்த குருவிய நினைச்சுப் பாரு. ஒரு ஆள் அம்பது ரூபா நோட்ட நீட்டட்டும், நான் தடுமாறி தப்பா பாக்கி குடுத்து அவர்கிட்ட திட்டு வாங்கறேன், அதுல நான் கத்துக்குவேன். அப்புறம் பஸ்ல வர்ற அந்த பெரியவர் செத்துப் போனவர்னு ரெண்டாவது ஸ்டாப்லயே தெரியற மாதிரி வச்சிருக்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் எனக்கு தெரியாம இருந்திருந்தா, அவருக்கு குடுத்த டிக்கெட்ட நான் வேற மாதிரி பாத்திருப்பேன்.

இன்னொண்ணு, மூணாவது ஸ்டாப்ல பின் படிக்கட்டு பக்கம் போய் திரும்பினா கண்டக்டர் சீட்டுக்குள்ள மாட்டிக்கிறார், வெளிய வரவே மாட்டேங்கறார், நாலு தடவ செஞ்சு பாத்தேன் நாலு தடவயும் அப்படித்தான், செல்போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், எந்த எடத்துல நின்னு திரும்பினேன்னு அதுல தெரியும். அம்மா எள்ளுப் பொடியும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டிருக்கா, வியாழக்கிழமை வந்துரும். அடுத்த பில்ட் ரெடியானதும் அனுப்பு, இந்த லேப்டாப்புக்கு ஃபேன் மாத்திட்டேன், இப்போ சூடாகறதில்ல.

அப்பா