பாதிப் படத்தில் எழுந்துபோன அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் படத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டீர்கள். தேத்தண்ணி கலக்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "ஏன்டா, ஒரு பொம்பளைக்குப் புத்தி இருக்கணும்னா முன்னால ஒரு காதல் தோத்திருக்கணுமா?"

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பேத்தி கைப்பேசியில் வாசித்துக் காட்டுவாள்.

நாம் பார்த்தது 2004ல் எடுத்தது. அகதா கிறிஸ்டி 1930ல் எழுதிய 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' நாவல்தான் மூலம். ஊரில் நடக்கும் கொலைகளைத் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல் அது. முதல் உலகப்போர்க் காலத்தில், கல்யாணமான ஒரு சிப்பாயோடு அவளுக்கு இருந்த காதலைக் காட்டினார்களே, அது நாவலில் கிடையாது. டிவிக்காரர்கள் சேர்த்தது. நடித்த ஜெரால்டின் மெக்இவனைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் நல்ல குறும்பு. ஆனால் கிழவி கெட்டிக்காரியாக இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கப் போனார்கள் பாருங்கள், அங்கேதான் இடறிவிட்டார்கள்.

என்ன காரணம் வேண்டும்? தோட்டத்தில் களை பிடுங்குவதுபோல நின்றுகொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்ப்பாள். அவ்வளவுதான். செத்துப்போன கர்னலின் மனைவி அந்த வழியாகப் போனாள் அல்லவா? அவள் கையில் பை இல்லை என்பதை நாவலில் மார்ப்பிள்தான் கவனித்துச் சொல்வாள். இதை நான் சொன்னதும் நீங்கள் கேட்டீர்கள்: "பை இல்லாம வெளிய போற பொம்பளையா? அப்ப 'பாத்துக்க, எங்கிட்ட ஒண்ணுமில்ல'ன்னு காட்டிக்கிட்டுல்ல போறா!" கதை முடிய இன்னும் முக்கால்வாசி இருந்தது.

நம்ம ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) மூட்டை காணாமல்போன கதை அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னீர்களாம்: "தீவாளிக்கே ஒரு தடவ குளிக்கிறவன், இன்னிக்கு ரெண்டு தடவ குளிச்சிருக்கான்." ஒட்டுப்பால் நாற்றம் ஒரு குளியலில் போகுமா!

இந்தக் கவனிக்கும் புத்தி உங்களோடு தொடங்கியதும் இல்லை. 1948 ஜூன் 16ல் நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள், அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது என்று பள்ளியில் படித்தேன். பாட்டி அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது துப்பாக்கிப் பேச்சே வராது. அன்றைக்கு எந்தெந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்பதைத்தான் வரிசையாகச் சொல்வார்.

இதே நாவலை பிபிசி 1986 கிறிஸ்துமஸுக்கு ஒளிபரப்பியது. அதில் மார்ப்பிளாக வருபவர் ஜோன் ஹிக்சன். மார்ப்பிள் வேஷம் போடத் தொடங்கியபோது அவருக்கு வயது 78. 1992க்குள் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களிலும் நடித்து முடித்துவிட்டார். நெடுங்காலத்துக்கு முன்பே அவரை மேடையில் பார்த்துவிட்டு, என்றாவது நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கிறிஸ்டியே எழுதினாராம். அந்த அம்மா எதையும் செய்துகாட்ட மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவன் தானாக உளற ஆரம்பித்துவிடுவான். நீங்கள் வெற்றிலை மடிக்கும்போது எனக்கு ஆவதுபோல.

அந்தப் படத்தில் ஒரே குறை, நாவலில் கதை சொல்லும் பாதிரியாரின் குரல் அதில் இல்லை. (பாதிரியாருக்குப் பெண்டாட்டியா என்று சிரித்தீர்களே, அவர்கள் சபையில் உண்டு.) இந்தக் கர்னலை எவனாவது கொன்றால் ஊருக்குப் புண்ணியம் என்று சாப்பாட்டு மேசையில் அவரே வாய்விட்டுவிட்டு, அப்புறம் தன் அறையிலேயே பிணத்தைக் கண்டு முழிப்பார். அந்த அசட்டுக் குரல் புத்தகத்தில்தான் ருசி. அதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

இன்னொன்று. அவர் அறைக் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முந்தி ஓடும், நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமே என்று வேண்டுமென்றே வைத்தது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. கொலை நடந்த நேரமே அதில்தான் சிக்கிக்கொள்ளும். காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) பிந்தக் கூடாது என்று நீங்கள் முந்தி வைத்த கடிகாரத்தை, பால்வெட்டை விட்டு இத்தனை வருஷமாகியும், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தும் மாற்றவில்லையே, அத்தை?

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹிக்சனைக் கொண்டுவருகிறேன். நாலு மணிக்கு. உங்கள் கடிகாரத்தில் நாலே கால்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்