நகையின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பழைய ஜெய்ப்பூர் நகைகளைப் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால் அதனுடன் வந்த படங்கள் எல்லாமே நகைகளின் முன்பக்கத்தை மட்டுமே காட்டியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தூய பொன் இழையால் கல் பதித்துச் செய்யும் இத்தகைய குந்தன் நகையின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது, பட்டுச்சேலையின் முந்தானையைப் பிரித்துப் பார்க்காமலே விலை பேசுவதைப் போன்றது.

வங்கிப் பணியின் நிமித்தம் நான் பல ஆண்டுகள் ஜெய்ப்பூரில் குடியிருந்தேன். எங்கள் வீட்டு உரிமையாளரான மூதாட்டி தம் மாமியார் வழி வந்த பதக்கத்தை என் மனைவியிடம் காட்டியபோது, முதலில் அதைக் கவிழ்த்துத்தான் உள்ளங்கையில் வைத்தார். வெண்மையான பரப்பில் சிவப்புப் பூக்களும் பச்சை இலைகளும் ஈரம் காயாதவை போலத் தெரிந்தன. உடலோடு ஒட்டிக் கிடந்து யார் கண்ணிலும் படாத பக்கத்துக்கு இவ்வளவு உழைப்பா என்று அன்று வியந்தேன். இன்றும் அந்த வியப்பு தீரவில்லை.

மீனா எனப்படும் அந்த வண்ணக் கண்ணாடிப் பூச்சு வேலையின் முறையைச் சற்று விளக்க அனுமதிக்க வேண்டும். பொற்கொல்லர் வடித்துக் கொடுத்த தகட்டில் செதுக்குபவர் பூவும் கொடியுமாகப் பள்ளம் வெட்ட, உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடிப் பொடியை மீனாக்காரர் அதில் நிரப்பி உலையில் சுடுகிறார். கடும் சூட்டைத் தாங்கும் வெள்ளை முதலிலும், எளிதில் கெட்டுவிடும் சிவப்பு கடைசியிலுமாக ஒவ்வொரு நிறமும் தனித்தனியே உலை காண்கிறது. இவை முடிந்த பிறகே உள்ளே அரக்கை நிரப்பி, பளபளக்கும் தகட்டின் மேல் கல்லை இருத்தி, சூடு காட்டாமல் மிகத் தூய பொன் இழையைச் சுற்றிலும் அழுத்திப் பதிக்கிறார்கள். அரக்கு உலையைத் தாங்காது என்பதால் இந்த வரிசை மாற முடியாது. ஆகவே மீனா உதிர்ந்துவிட்டால், கற்களையும் அரக்கையும் முழுவதுமாக எடுத்தாலொழிய முறையாகச் செப்பனிட வழியில்லை.

நம் பத்தர்களும் கல் பதிக்கும் பொன்னைக் குந்தனம் என்றே சொல்வார்கள். நம் பழைய கெம்பு நகைகளிலும் அரக்கு உண்டு. ஆனால் அவற்றின் பின்புறம் பெரும்பாலும் மீனா இராது, பொன்வேலையே இருக்கும்.

நகை எந்த ஊரில் பிறந்தது என்பதற்கும் பின்பக்கமே பெரும்பாலும் சாட்சி சொல்கிறது. வெள்ளை மீனாவின் மேல் தூரிகையால் தீட்டிய இளஞ்சிவப்புப் பூக்களைக் கண்டால் பனாரஸின் குலாபி மீனா நினைவுக்கு வரும். முன்புறக் கற்களைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். மீனாவை அப்படி எளிதில் மாற்ற இயலாது.

ஐதராபாத் நிஜாமின் 173 நகைகளை மத்திய அரசு 1995-ஆம் ஆண்டு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவற்றிலும் பின்புறம் மீனா வேலை கொண்டவை பல உண்டு. பொதுமக்கள் பணத்தில் வாங்கிய அவை 2019-இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டதைப் போல மீண்டும் காட்சிக்கு வரும்போது, பின்பக்கம் தெரியும்படி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடு அன்று.

தங்கள் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. என் நண்பர் ஒருவர் தம் தாயாரின் மீனா பதக்கத்தை மெருகுக்குக் கொடுத்த கடையில், அதை வெந்நீரில் இட்டுக் கழுவினார்கள். அரக்கு இளகி மூன்று கற்கள் கழன்றன. அதன்பின் அதை உருக்கிவிடுவதே நல்லது என்றும் அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. உருக்கினால் அரக்கின் எடை போக எஞ்சும் பொன்னுக்கு மட்டுமே விலை கிடைக்கும். மீனா வேலைக்கு ஒரு காசும் கிடைக்காது. இத்தகைய நகை வைத்திருப்போர் அதை வெந்நீரில் கழுவ விடாமல், மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, தனித்தனியே துணியில் சுற்றி வைக்க வேண்டும். விற்க நேர்ந்தால், எடைபோடக் கொடுப்பதற்கு முன்பாக இருபுறமும் படம் எடுத்து, பழம்பொருள் அறிந்த ஒருவரிடமாவது காட்ட வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, குறைந்தது ஒரு பதக்கத்தையாவது கவிழ்த்து வைத்து எடுத்த படத்தைத் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.