நிணநாளம் வளர இரண்டு வழிகள்

அன்புள்ள சரவணா,

நலம்தானே? உன் மாணவி சிறுநீர்ப்பைப் புற்றில் நிணநாளங்கள், அதாவது நிணநீர் ஓடும் நுண்குழாய்கள், வளர்வதை ஆராயப்போகிறாள் என்பது நல்ல செய்தி. அந்த நோய் நிணநீர்க் கணுவை எட்டிவிட்டால் சிகிச்சை எவ்வளவு கடினமாகிறது என்பது உனக்குத் தெரியும்.

திட்டத்தில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லாவற்றையும் நிணநாளத்தை வளரத் தூண்டும் புரதமான விஇஜிஎஃப்-சியின் அளவை வைத்தே முடிவுசெய்யப் பார்க்கிறீர்கள். குவாங்சோவின் சுன் யாட்-சென் மருத்துவமனைக் குழு காட்டிய, புரதமாக மாறாத இரண்டு நீள் ஆர்என்ஏக்களை எடுத்துக்கொள். 2018இல் வந்தது எல்என்எம்ஏடி-1. அது எச்என்ஆர்என்பி-எல் புரதத்தை சிசிஎல்-2 மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதியான புரோமோட்டருக்கு இழுத்துவருகிறது. சிசிஎல்-2 என்ற சைகைப் புரதம் பெருகி, மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்பு செல்களைக் கட்டிக்குள் வரவழைக்கிறது. விஇஜிஎஃப்-சியைச் சுரந்து நாளங்களை வளர்ப்பவை அவைதான். ஆகவே புற்றுசெல் வளர்ந்த திரவ ஊடகத்தை மட்டும் நிணநாள செல்கள்மேல் ஊற்றினால் இந்த வழி சரியாகத் தெரியாது. மேக்ரோஃபேஜ்களையும் சேர்த்து வளர்க்க வேண்டும்.

2020இல் வந்த எல்என்எம்ஏடி-2 வேறு ரகம். எச்என்ஆர்என்பி-ஏ2பி1 என்ற புரதம் அதை எக்சோசோமில், அதாவது செல் வெளியேவிடும் நுண்பையில், ஏற்றிவிடுகிறது. நிணநாள செல்லுக்குள் போனதும், அந்த செல்லின் அடையாளமான பிராக்ஸ்-1 மரபணுவை அது தூண்டுகிறது. இதற்கு விஇஜிஎஃப்-சி தேவையே இல்லை! அந்தக் காரணியை ஆன்டிபாடியால் தடுத்த பிறகும் தட்டில் நிணநாள செல்கள் சேர்ந்து குழாய் உருவாக்கினால், பரிசோதனை கெட்டுவிட்டதென்று தூக்கிப்போட வேண்டாம். ஒருவேளை அதுதான் விடை.

எக்சோசோம் வேலையில் அவசரம் கூடாது. ஊடகத்தில் சேர்க்கும் மாட்டுச் சீரத்திலேயே எக்சோசோம் உண்டு. முதல்நாள் இரவே 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில்) சுழற்றி நீக்கிவிட வேண்டும். பிறகு ஊடகத்தை 300, 2,000, 10,000 ஜி என்று படிப்படியாகச் சுழற்றிக் குப்பையை விலக்கி, கடைசியில் 1,00,000 ஜி-யில் 70 நிமிடம். ஆர்என்ஏ உறைக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று அறிய ஒரு பங்கில் ஆர்என்ஏவை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதி மட்டும், இன்னொன்றில் உறையைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல். முதலாவதில் தப்பி, இரண்டாவதில் அழிந்தால் உள்ளே இருந்தது என்று நம்பலாம். முதலாவதிலேயே அழிந்தால் அது வெளியே ஒட்டியிருந்த ஆர்என்ஏ.

நிணநாள செல்களைப் பல முறை பிரித்து வளர்த்தால் அவற்றின் அடையாளம் மங்கும். ஆரம்பத் தலைமுறைகளையே பயன்படுத்துங்கள். பிராக்ஸ்-1, போடோபிளானின் என்ற அடையாளப் புரதங்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தொகுப்பிலும் பார்க்க வேண்டும். குழாய் உருவாகும் அடித்தளமான மேட்ரிஜெல்லைப் பனிக்கட்டிமேல் வைத்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பிப்பெட்டிலேயே கெட்டியாகி பரப்பு மேடுபள்ளமாகிவிடும். குழாய்களை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் படமெடுக்கட்டும். மறுநாள் வரை விட்டால் பெரும்பாலும் அவை உடைந்துபோயிருக்கும். அதை, சேர்த்த தடுப்பு மருந்தின் விளைவென்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, நீள் ஆர்என்ஏ உட்கருவுக்குள் தங்குவதானால் அதை அடக்க எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ பல நேரம் சரியாக வேலைசெய்யாது. ஆர்என்ஏஸ்-எச் என்ற நொதி வழியாக அதை வெட்டும் ஆன்டிசென்ஸ் துண்டுகளை வாங்குங்கள், வெவ்வேறு இடத்தைக் குறிவைப்பவையாகக் குறைந்தது இரண்டு. மேக்ரோஃபேஜ் சேர்த்த தட்டின் படங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
முருகேசன்