அலி கணக்கை எந்த வருஷத்தோட மூடுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டுப் பக்கத்துல வந்த கட்டுரையைப் பத்திதான் எழுதுறேன். மைக் டைசன் 58 வயசுல யூடியூப்ல இருந்து பாக்ஸிங்குக்கு வந்த ஜேக் பால்கிட்ட தோத்ததுல ஆரம்பிச்சு, ஹெவிவெயிட் பாக்ஸர் ஒருத்தன் பிரைம், அதாவது அவனோட உச்சக் காலம், முடிஞ்சப்புறம் ஆடுன எதையும் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு கொண்டுபோய் முடிச்சிருந்தாங்க. டைசன் விஷயத்துல எனக்குச் சண்டை இல்ல. 2024 நவம்பர்ல அந்த மேட்சை நம்ம கடைப் பசங்க போன்ல போட்டுக் காட்டுனாங்க, ரெண்டு ரெண்டு நிமிஷமா எட்டே ரவுண்டு, மனுஷன் பாதி நேரம் கிளவுஸைக் கடிச்சுக்கிட்டே நின்னாரு, அதை ஆட்டம்னு எப்படிச் சொல்றது. ஆனா அதே கத்திரியை எடுத்து முகமது அலியையும் வெட்டுனீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

அலியோட பிரைம் எது? 1964ல அப்போதைய சாம்பியன் லிஸ்டனை அடிச்சதுல இருந்து 1967 வரைக்கும், அவ்வளவுதான். 1966 நவம்பர்ல கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூணாவது ரவுண்டுல முடிச்ச வீடியோவைப் பாருங்க, காலு தரையில பட்டுச்சா இல்லையான்னே தெரியாது. அப்புறம் வியட்நாம் போருக்கு வரமாட்டேன்னு சொன்னதுக்குப் பட்டத்தையும் பிடுங்கி லைசென்ஸையும் பிடுங்கி மூணரை வருஷம் ரிங்குக்கு வெளிய உக்கார வச்சாங்க, அதுவும் 25ல இருந்து 28 வயசு வரைக்கும், ஒரு பாக்ஸருக்கு இருக்குறதுலயே நல்ல வயசு. 1970 அக்டோபர்ல ஆளு திரும்பி வந்தாரு, அந்தக் காலு வரல. ஆக 1974ல கின்ஷாசாவுல ஃபோர்மேனைச் சாய்ச்சது, 1975ல மணிலாவுல ஃப்ரேசியரோட 14 ரவுண்டு நின்னது எல்லாமே பிரைமுக்கு அப்புறம்தான். உங்க கட்டுரைக்காரர் சொல்ற மாதிரி வெட்டுனா இது ரெண்டும் குப்பைக்கூடைக்குப் போயிரும், பரவாயில்லையா?

எங்க வாப்பா சங்கு குளிச்சவரு. கீழக்கரையில அந்தத் தொழிலைத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது சட்டுன்னு புரியும். இளவட்டமா இருக்கும்போது எட்டு பாகம், அதாவது கிட்டத்தட்ட அம்பது அடி, தண்ணியில இறங்குவாராம், நாப்பது வயசுல நாலு பாகத்துக்கே மூச்சு முட்டும். ஆனா அப்பதான் பை நெறஞ்சு வருவாரு. கூட வர்ற பசங்க பத்து முங்கு முங்குவாங்க, இவரு வள்ளத்து ஓரத்துல கையை நனைச்சுக்கிட்டு நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எப்படி ஓடுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பாரு, கடலடிப் பாறையை விட்டு மணல் ஆரம்பிக்கிற இடமாப் பார்த்து இறங்கி, சங்கு ஊர்ந்த தடத்தைப் பிடிச்சே போயி ரெண்டே முங்குல அள்ளிட்டு வந்துருவாரு. கின்ஷாசாவுல அலி செஞ்சதும் இதைத்தானே. 32 வயசு, ஓட முடியாதுன்னு தெரியும், எதுத்தாப்புல 25 வயசு ஃபோர்மேன், 40 மேட்ச்ல ஒண்ணு கூட தோக்காதவன், ஃப்ரேசியரையும் நார்டனையும் ரெண்டு ரெண்டு ரவுண்டுல முடிச்சவன். கயித்துல சாஞ்சுக்கிட்டு அவனை அடிக்க விட்டு அடிக்க விட்டு, அவன் கை ஓஞ்சதும் எட்டாவது ரவுண்டுல போட்டாரு. 1966 அலிக்கு இந்த ஆட்டம் தேவையே பட்டிருக்காது, ஆடவும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதுக்காக வயசானவருன்னு எல்லாத்தையும் தூக்கி வச்சுக் கொண்டாடவும் நான் தயாரா இல்ல. 1976 ஏப்ரல்ல ஜிம்மி யங்கோட ஆடுன மேட்ச் இருக்கே, தொப்பையோட வந்து நின்னாரு, ஜட்ஜுங்க பாயின்ட்ஸை அலிங்கிற பேருக்குக் குடுத்தாங்கன்னுதான் எனக்குப் படுது. அதே வருஷம் செப்டம்பர்ல நார்டனோட மூணாவது தடவை ஆடுனதையும் நார்டன் ஜெயிச்ச மேட்ச்னுதான் இன்னிக்கு வரைக்கும் பல பேர் சொல்றாங்க. பேருக்காகக் கெடச்ச ஜெயிப்பைக் கழிச்சுருங்க, நான் அலி ரசிகன்தான், கழிச்சுக்கங்க.

1977 செப்டம்பர்ல எர்னி ஷேவர்ஸ் மேட்சைத்தான் என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. ரெண்டாவது ரவுண்டுல ஒரு அடி, முழங்கால் மடங்குது, ஆளு கண்ணை உருட்டி ஜோக் அடிக்கிற மாதிரி நடிச்சே தப்பிச்சாரு, ஷேவர்ஸும் அதை நம்பிட்டான். அந்த மேட்ச்ல டிவிக்காரங்க ரவுண்டுக்கு ரவுண்டு ஸ்கோரைக் காட்டிக்கிட்டு இருந்தாங்க, அலி கார்னர்ல ஒரு ஆளை டிவி முன்னாடி உக்கார வச்சு ஸ்கோரைத் தெரிஞ்சுக்கிட்டே ஆடியிருக்காங்க. 15ஆவது ரவுண்டுல நிக்கவே தெம்பு இல்லாத மனுஷன் எங்க இருந்துதான் கொண்டு வந்தாரோ, கடைசியில ஷேவர்ஸ்தான் தள்ளாடுறான். ஆட்டமாப் பார்த்தா அற்புதம். ஆனா அதுக்கப்புறம் அவரோட டாக்டர் பச்சேகோ, கிட்னி கெட்டுப்போயிட்டு வருதுன்னு ரிப்போர்ட்டை அலிக்கும் கூட இருந்தவங்களுக்கும் அனுப்பிட்டு, யாரும் பதில் சொல்லலைன்னதும் வேலையை விட்டே போயிட்டாரு. நான் கோடு போடுறதா இருந்தா இங்கதான் போடுவேன். அடுத்த வருஷம் ஸ்பிங்க்ஸ்கிட்ட தோத்து அவன்கிட்டயே பட்டத்தைத் திருப்பி வாங்குனாரு, சரி, அதுவும் இருக்கட்டும்.

1980 அக்டோபர்ல அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸோட ஆடுனது ஆட்டமே இல்ல. 38 வயசு, ரெண்டு வருஷம் ரிங் ஏறல, தைராய்டு மாத்திரையைப் போட்டு எடையைக் குறைச்சு, முடிக்கு டை அடிச்சு, பார்க்க பழைய அலி மாதிரியே வந்து நின்னாரு, உள்ள ஒண்ணும் இல்ல. ஜட்ஜ் மூணு பேரும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே குடுத்தாங்க. எங்க வீட்டுக்கு அந்த கேசட் துபாய்ல இருந்து ஒரு சொந்தக்காரர் வீடியோ டெக்கோட கொண்டு வந்தாரு, நான் அப்ப ஸ்கூல் பையன். ஒன்பதாவது ரவுண்டு ஓடும்போது வாப்பா "போதும், நிப்பாட்டுடா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவருக்கு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி காதுல ரத்தம் வந்தப்புறமும் தொழிலுக்குப் போயி, வள்ளத்துக்காரர் இனிமே உன்னை இறக்க மாட்டேன்னு கரையிலயே நிறுத்திட்டாரு, ஆறு மாசம் அவர்கிட்ட வாப்பா பேசவே இல்ல. அலிக்கு பத்தாவது ரவுண்டு முடிஞ்சதும் அவரோட பயிற்சியாளர் டண்டி நிறுத்துனாரு. அதுக்கப்புறமும் மறு வருஷம் பஹாமாஸ் போயி பெர்பிக்கோட ஆடுனாரு, அங்க பெல் கூட இல்லாம மாட்டு மணியை அடிச்சு ரவுண்டு ஆரம்பிச்சாங்க, அதைப் பத்தி நான் என்னத்தச் சொல்ல.

அலியை அடிச்ச அந்த ஜெயிப்பை ஹோம்ஸ் கணக்குலயும் எழுதாதீங்க, அவரே அன்னிக்கு அழுதாரு. இதே ஹோம்ஸ் 1988ல டைசன்கிட்ட நாலாவது ரவுண்டுல விழுந்தப்ப அவருக்கும் 38 வயசுதான். சரி முடிஞ்சுருச்சுன்னு பார்த்தா 42 வயசுல ரே மெர்சரை, அதுவரைக்கும் தோக்காத ஒலிம்பிக் தங்கத்தை, மூலையில சாஞ்சுக்கிட்டே பாயின்ட்ஸ்ல ஜெயிச்சாரு. ஃபோர்மேன் 45 வயசுல, 1994ல, கின்ஷாசாவுல போட்ட அதே சிவப்பு டவுசரைப் போட்டுக்கிட்டு அப்போதைய சாம்பியன் மூரரைப் பத்தாவது ரவுண்டுல படுக்க வச்சாரு. அதுவரைக்கும் பாயின்ட்ஸ்ல பின்னாடிதான் இருந்தாரு. காலும் வேகமும் சீக்கிரமே போயிரும், கையில இருக்குற அடி கடைசியாத்தான் போகும். ஃபோர்மேனுக்கு அது மட்டும்தான் எப்பவும் மூலதனம், அதனால அவரு வயசானப்புறம் ஆடுனதையும் அலி ஆடுனதையும் ஒரே தராசுல போட முடியாது. கட்டுரைக்காரர் போட்டிருக்காரு.

இன்னொண்ணு. 1980 ஆரம்பத்துல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடுனாரே, எம்.ஜி.ஆர் கூட நிக்கிற போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பாங்க. வாப்பா அப்ப ரயிலுக்குக் காசு சேராம ஊர்லயே நின்னுட்டாரு. ஹோம்ஸ் மேட்சுக்கு எட்டொம்பது மாசம் முன்னாடி அது. உங்க ஆபீஸ் பழைய கட்டுல ரிங்குக்குள்ள எடுத்த படம் ஏதும் இருந்தா ஒரு தடவை போடுங்க, முகம் மட்டும் வெட்டிப் போடாம இடுப்பு வரைக்கும் தெரியுற மாதிரி.

இப்படிக்கு
ஒரு வாசகன்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.