அயல்நாட்டு உதவியைக் குறைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லைச் சந்திப்பை வெள்ளம் சூழ்ந்தபோது, ‘நாம் இங்கே தவிக்கையில் அயல்நாடுகளுக்கு எதற்குப் பணம்?’ என்று எங்கள் தெருவில் பலர் கேட்டனர். உண்மையைச் சொன்னால், அன்று நானும் தலையசைத்தேன்.

ஆனால், 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அயல்நாட்டு உதவிக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 5,480 கோடி ரூபாய், 50 லட்சம் கோடியைத் தாண்டும் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், அதை வெட்டி நம் குளங்களையெல்லாம் செப்பனிட்டுவிடலாம் என்பது வெறும் மனக்கணக்கு. அதிலும் மிகப் பெரிய பங்கைப் பெறும் பூடானில், நம் உதவியால் எழுந்த சுக்கா, தாலா நீர்மின் நிலையங்களின் உபரி மின்சாரம் நமக்கே விற்கப்படுகிறது. 2022 நெருக்கடியில் இலங்கைக்குத் தமிழக அரசு 40,000 டன் அரிசி அறிவித்தபோது, தூத்துக்குடியிலிருந்தும் கப்பல் புறப்பட்டதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே தொகையைக் குறைக்க வேண்டியதில்லை. எது மானியம், எது திரும்ப வரவேண்டிய கடன், எந்தத் திட்டம் முடிந்தது என்பதை அரசு ஆண்டுதோறும் சாமானியருக்கும் புரியும் தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.