அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்தே காசு வாங்கிக்கொள்ளுங்கள்

சுற்றுலா வேன் ஏற்பாடு செய்யும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். மதுரை, பழநி, கொடைக்கானல் என்று மூன்று நாளில் சுற்றிக் காட்டும் வேன்களில் நாலைந்து முறை வந்தவள் எழுதுகிறேன். ஓட்டுநர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலைப்பாதையில் அவர்கள் வளைத்து ஓட்டும் பக்குவத்துக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். என் குறையெல்லாம் வண்டி நிற்கிற இடங்களைப் பற்றித்தான்.

போன முறை கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அப்புறம் ஒரு தைலக் கடையில் அரை மணி. அங்கே நாங்கள் வாங்குவதில் வழிகாட்டிக்கு ஒரு பங்கு போகும் என்பது ஊரறிந்த விஷயம். பிழைப்பு, அதைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் அதே பயணத்தின் முதல் நாள் மதுரையில், "காலையில உழவர் சந்தைக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?" என்று கேட்டதற்கு வழிகாட்டித் தம்பி சிரித்துவிட்டார். "அங்க பார்க்க என்னம்மா இருக்கு? காய்கறிதானே!"

காய்கறிதான். மறுநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டேன். கோயில் பக்கமிருந்து வைகையைத் தாண்டினால் அண்ணா நகர். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அங்கேதான், 1999 நவம்பர் 14 அன்று, கருணாநிதி முதல்வராக இருந்தபோது தொடங்கியது. பஞ்சாபிலும் ஆந்திராவிலும் இதே மாதிரிச் சந்தைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆட்சி மாறியபோது நம்மூர்ச் சந்தைகள் கொஞ்ச காலம் களையிழந்து கிடந்ததும், 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு அம்மாவிடம் கத்தரிக்காய் எப்போது பறித்தது என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் பறிச்சு, ஈரச்சாக்குல வச்சிருந்து, முதல் பஸ்ஸுல கொண்டாந்தேன்க்கா" என்றார். காம்பு பச்சை மாறவில்லை, முள் குத்துகிறது. ரெண்டு கிலோ போடச் சொன்னேன். என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "ஊர் சுத்த வந்தவுகளா? அப்ப இது வேணாம், பைக்குள்ள வேர்த்துப் போயிரும். அந்தா, அந்த அண்ணன்ட்ட சின்ன வெங்காயம் வாங்குங்க, பத்து நாளைக்குத் தாங்கும்" என்று தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். மூன்று நாள் பயணத்தில் எங்களிடம் "இது வேண்டாம்" என்று சொன்ன கடைக்காரர் அவர் ஒருவர்தான்.

அங்கே உட்கார விவசாயிக்கு அடையாள அட்டை வேண்டும். நிலத்தையும் பயிரையும் பார்த்துத்தான் அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே என்று கணக்குப் போட்டு அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஆக, வழிகாட்டிக்குக் கொடுக்க அந்த அம்மாவிடம் பங்கு எதுவும் இல்லை. வேன் ஏன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சமைக்க அடுப்பில்லாத பயணி சந்தையில் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். வெள்ளரிப்பிஞ்சு வாங்கலாம், பழம் வாங்கலாம். உங்கள் வழித்தடத்திலேயே எவ்வளவு இருக்கிறது! பழநிக்கு முன்னால் ஆயக்குடியில் கொய்யா. பழநி பஞ்சாமிர்த டப்பாவை ஆளுக்கு நாலு வாங்க வைக்கிறீர்கள். அதில் விழுகிற விருப்பாட்சி மலைவாழைப்பழத்தை ஒரு சீப்பு வாங்க வண்டியை நிறுத்தியதுண்டா? 2008லேயே புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது, பயணத்துக்கென்றே விளைந்த மாதிரி இருக்கும். பூம்பாறையில் படிக்கட்டு வயல்களைப் படமெடுக்க இறக்கிவிடுகிறீர்கள். அந்த வயல்களில் விளைகிற மலைப்பூண்டு, கொடைக்கானல் ஞாயிறு சந்தைக்கு வருகிறது. அங்கே வியாபாரிகளும் கலந்திருப்பார்கள், விசாரித்துத்தான் வாங்க வேண்டும். சாக்லேட் கடையில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நாற்பது பேரை ஒரே நேரத்தில் சந்தைக்குள் இறக்கிவிடாதீர்கள். ஆறு மணிக்கு அங்கே வருகிறவர்கள் அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர்கள். நடைவழியை மறித்துக்கொண்டு, கீரைக்கட்டோடு செல்ஃபி எடுக்கிற கூட்டமாக நாங்கள் ஆகிவிடக்கூடாது. பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலங்காத்தால ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? விலைப்பலகை தொங்குகிற இடத்தில் பேரம் பேசுகிறவர்களையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். எங்கள் கூட்டத்திலேயே ரெண்டு பேர் அப்படி இருக்கிறார்கள்.

எட்டு மணிக்குப் போய்ப் பிரயோசனமில்லை. நல்ல காயெல்லாம் அதற்குள் போய்விடும். ஐந்தரைக்குக் கிளம்பினால், ஏழுக்குத் திரும்பி வந்து குளித்து இட்லி சாப்பிடலாம்.

வருகிற தை மாதம் எங்கள் தெருவிலிருந்து பதினாலு பேர் கிளம்புகிறோம். மொச்சைப் பருவம். சாக்லேட் கடையில் உங்களுக்கு எவ்வளவு தேறும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதைத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். பை நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஜன்னலோர இருக்கை கேட்டு உங்களைப் படுத்துகிற அந்த அம்மா